திட்ட முகாமையாளர்கள் முதலில் குளக்கட்டுக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த ஆண்டுக்கான வேலைத்திட்டங்களின் மதிப்பீடுகள் பிரதேச செயலகங்களிலும் திணைக்களங்களிலும் தயாராகிவரும் நாள்கள் இவை. இந்த வேலைகளை முன்னின்று நடத்தப்போகும் திட்ட முகாமையாளர்கள், சிறப்பாக முதன்முறையாக இப்பொறுப்பை ஏற்கும் இளையவர்கள், தங்கள் கோப்பைத் திறப்பதற்கு முன்னர் வாசிக்க வேண்டும் என்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். வன்னியில் வீதி, குளம், வீடு, கிணறு என்று பலவகை வேலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, முதலில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகவும் பின்னர் திட்ட இணைப்பாளராகவும் இருந்துவிட்டு, இப்போது கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்துவருகிறேன். திட்டத்தைக் கொண்டுபோனவனாகவும், திட்டம் வந்து சேர்ந்த ஊரில் இருப்பவனாகவும் நான் கண்டது ஒன்றுதான். தோற்றுப்போன திட்டங்களில் பெரும்பாலானவை பணம் போதாமலோ மழை பெய்தோ தோற்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டியவரிடம், வேலை தொடங்குவதற்கு முன்னர் முகாமையாளர் கேட்காமல் விட்டதாலேயே தோற்றன.

எங்கள் குளத்தையே எடுத்துக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் அது புனரமைக்கப்பட்டது. கட்டு உயர்த்தப்பட்டது, மிகை நீர் வழிந்தோடும் வான் புதிதாகக் கட்டப்பட்டது, குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் பழைய துருசு உடைக்கப்பட்டு அந்த இடத்தில் இரும்புக் கதவுடன் கூடிய புதிய கொங்கிறீற் துருசு வைக்கப்பட்டது. பார்ப்பதற்கு வேலை நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் துருசுக்கு அத்திவாரம் வெட்டிய நாளில், எழுபது வயதைத் தாண்டிய எங்கள் ஊர்க் கமக்காரர் ஒருவர் கையில் பூவரசந்தடியுடன் வந்து நின்று, பழைய துருசின் வாசற்கல் இருந்த இடத்தைத் தடியால் குத்திக் காட்டி, “தம்பி, பழைய கல் இதுக்கு ஒரு சாண் கீழ கிடந்தது, நீங்கள் உயத்தி வைக்கிறியள்” என்றார். வேலைத்தளத்தில் நின்ற மேற்பார்வையாளர் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, மட்டம் சரியாகவே இருக்கிறது என்றார். வரைபடத்தின்படி மட்டம் சரிதான். அந்த வரைபடத்துக்காக அளவெடுத்த நாளில் பழைய துருசின் வாய் வண்டலால் மூடிக் கிடந்தது என்பதும், அளவெடுத்தவர்கள் வண்டலின் மேற்பரப்பையே குளத்தின் தரையாகக் குறித்துக்கொண்டார்கள் என்பதும் பின்னர்தான் தெரியவந்தது. அந்த ஒரு சாணுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் இனி வாய்க்காலுக்கு வராது. மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் அதனால் எந்தக் குறையும் தெரியவில்லை. குளத்து நீரை நம்பிக் கோடையில் செய்யும் சிறுபோகத்தில், கதிர் பால் பிடிக்கும் தறுவாயில் கடைசித் தண்ணீர் தேவைப்படும்போது, குளத்துக்குள் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருக்கிறது. துருசின் வாய் காய்ந்து கிடக்கிறது. நாங்கள் இயந்திரம் வைத்து, எரிபொருளுக்குக் கடன்பட்டு, கட்டுக்கு மேலால் குழாய் போட்டு இறைக்கிறோம்.

அந்த மேற்பார்வையாளரை நான் குறைசொல்ல மாட்டேன். மட்டத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இருக்கவில்லை. அதிகாரம் இருந்த முகாமையாளர் எங்கள் குளக்கட்டுக்கு இரண்டு தடவைகள் வந்தார். ஒன்று அடிக்கல் நாட்டிய அன்று, மற்றையது கையளித்த அன்று. இடைப்பட்ட மாதங்களில் எங்கள் குளத்தைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் மாதாந்த அறிக்கைகளின் வழியாகவே. முதியவர் தடியால் குத்திக் காட்டியது எந்த அறிக்கையிலும் ஏறவில்லை, ஏனென்றால் அந்தப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கவில்லை.

ஆகவே முகாமையாளர்களிடம் நான் முதலாவதாக வேண்டுவது இதுதான். மதிப்பீடு எழுதுவதற்கு முன்னர், குளம் அடி காய்ந்து கிடக்கும் ஆவணி, புரட்டாதி நாள்களில் ஒரு முழுக் காலைப்பொழுதைக் குளத்துக்குள் நடப்பதற்கென்று ஒதுக்குங்கள். கமக்கார அமைப்பின் தலைவரோடு மட்டும் நடந்து திரும்பிவிடாதீர்கள். முன்னைய காலத்தில் வயல்களுக்கான நீர்ப்பங்கீட்டைக் கவனித்த கமவிதானையாக இருந்தவர் உயிரோடு இருந்தால் அவரைத் தேடிப் பிடியுங்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் செய்பவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். தலைவாய்க்காலில் இருப்பவருக்குத் தெரியாத குறை அவருக்குத் தெரியும். மீன்பிடிப்பவர்கள், மாடு தண்ணீர் காட்டுபவர்கள், குளத்தின் உட்புறத்தில் தோட்டம் செய்பவர்கள் ஆகியோருக்கும் அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்ல வேறு வேறு செய்திகள் இருக்கும். அவர்களில் யாரேனும் ஒருவரை மறந்துவிட்டால், அவர் வேலை நடுவில் வந்து நின்று மறிக்கும்போது “பொதுமக்கள் ஒத்துழைப்பு இல்லை” என்று எழுத வேண்டி வரும்.

“மக்களுடன் கலந்துரையாடல் நடத்தப்பட்டது” என்ற வசனம் இல்லாத திட்ட அறிக்கையை நான் கண்டதில்லை. பொதுநோக்கு மண்டபத்தில் பதாகை கட்டி, தயாராகிவிட்ட வரைபடத்தைக் காட்டி, ஈற்றில் “ஏதாவது கேள்வி இருக்கிறதா?” என்று கேட்டு, தேநீர் கொடுத்து, வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதற்குக் கலந்துரையாடல் என்று பெயர் சொல்லக்கூடாது. உத்தியோகத்தர்களும் வாகனங்களும் நிற்கும் இடத்தில் எங்கள் ஊரில், குறிப்பாகப் பெண்கள், வாய் திறப்பது அரிது. போரில் கணவரை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்களுக்கென்று வந்த வாழ்வாதாரத் திட்டமொன்றில் பயிற்சி வகுப்பைக் காலை பத்து மணிக்கு வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்த நேரத்தில் கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போயிருப்பவர்கள். வகுப்புக்கு வந்தால் அன்றைய கூலி இல்லை. வராதவர்கள் “ஆர்வம் குறைந்த பயனாளிகள்” என்று குறிக்கப்பட்டார்கள். முதல் நாள் மாலை நான்கைந்து வீட்டு வாசலில் நின்று கதைத்திருந்தால் வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றியிருக்கலாம்.

இது சிறு வேலைகளுக்கு மட்டும் உரிய பிழை அன்று. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் எண்ணத்துடன், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் 2010ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பட்ட பெருந்திட்டத்தின் வரலாற்றைத் திட்ட முகாமை கற்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் தேவை உண்மையானது; அங்குள்ள நிலத்தடி நீர் உவராகியும் மாசடைந்தும் வருவதை எவரும் மறுக்க முடியாது. அதேவேளை, அந்தக் குளத்தை நம்பி இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் நெல் விளைவிக்கும் கிளிநொச்சிக் கமக்காரர்களுக்கு, மழை பொய்த்த ஆண்டில் தண்ணீர் முதலில் வயலுக்கா குழாய்க்கா என்ற கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்கு அவர்கள் நம்பக்கூடிய விடை கிடைப்பதற்கு முன்னரே திட்டம் நகரத் தொடங்கியது. எதிர்ப்பு எழுந்தது, ஆண்டுகள் கடந்தன, ஈற்றில் நீரின் மூலமே மாற்றப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்டது. யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பளிக்க நான் இதை எழுதவில்லை. இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். அந்த நியாயங்களை ஒரே மேசையில் வைத்துப் பேசுவதற்குத் திட்டத்தின் முதல் ஆண்டே உரிய ஆண்டு. அப்போது அந்தப் பேச்சுக்குச் செலவு மிகக் குறைவு. வடக்கு, கிழக்குக்கென 65,000 இரும்பு வீடுகள் கொண்டுவரும் யோசனைக்கும் இதுவே நேர்ந்தது. ஒரு வீட்டுக்கு 21 இலட்சம் ரூபாயளவில் செலவிட்டு, பங்குனி வெயிலில் தகரம்போல் கொதிக்கக்கூடிய வீட்டை, கல் வீடு கேட்ட மக்களுக்குக் கொடுக்க முயன்று, 2016இல் எழுந்த எதிர்ப்பின் பின்னர் அதைக் கைவிட வேண்டி வந்தது. அடுக்களையில் விறகு எரிக்கும் ஒரு பெண்ணிடம் ஐந்து நிமிடம் கதைத்திருந்தால் அந்த வீட்டில் அவருக்கு என்ன குறை என்பது தெரிந்திருக்கும்.

அடுத்தது காலம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் வன்னியில் மிகக் கூடுதலான பணம் வீணாவது இந்தப் பிழையினால்தான். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது. எங்கள் மழை ஒக்ரோபரில் தொடங்கி, நவம்பர், டிசெம்பர் மாதங்களில் உச்சத்தை அடைகிறது. நிதி ஒதுக்கீடு உறுதியாகி, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் கையொப்பமாகி முடிய யூலை, ஓகஸ்ட் ஆகிவிடுகிறது. மண் வேலைக்கு எஞ்சியிருப்பது எட்டுப் பத்து வாரங்கள். அந்த வாரங்களில் மாவட்டத்திலுள்ள எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் றோலரும் டிப்பரும் தேவைப்படும், கிடைக்காது. டிசெம்பர் 31க்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் நெருக்கும். அந்தப் பயத்தில்தான் மழைக்குள் கிரவல் கொட்டுகிறார்கள்.

நானும் கொட்டியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நவம்பர் மாதத்தில், முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றுக்குப் போகும் கிரவல் வீதிக்கு நானே பொறுப்பாக இருந்தேன். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்த காலையில், றோலர் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, பரவிய கிரவலில் ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து காட்டினார். விரலிடுக்கால் செந்தண்ணீர் வழிந்தது. “சேர், இது இனி இறுகாது” என்றார். அவர் சொன்னதுதான் மண்ணின் விதி. கிரவல் இறுகுவதற்கு ஓரளவு ஈரம் வேண்டும். அந்த அளவைத் தாண்டினால் துகள்களுக்கு இடையில் தண்ணீர் நின்றுகொள்ளும், எத்தனை தடவை உருட்டினாலும் அவை நெருங்கா. எனக்கு அது பாடமாகத் தெரியும். இருந்தும், ஆண்டு முடிவுக் கணக்கை நினைத்து, ஓட்டச் சொன்னேன். தைப்பொங்கலுக்கு முன்னரே அந்த வீதி சக்கரத்தடத்தில் இரண்டாகப் பிளந்து, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓரத்தால் நடக்க வேண்டி வந்தது. அந்த ஓட்டுநர் சொன்னதை அன்றே எழுத்தில் மேலிடத்துக்கு அறிவித்து, வேலையை நிறுத்தி, கால நீடிப்புக் கேட்டிருக்க வேண்டியது என் கடமை. அதை நான் செய்யவில்லை.

இதைத் தவிர்ப்பதற்கு ஒரு வழி உண்டு, அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அளவெடுப்பு, வரைபடம், அனுமதிகள், கேள்விப்பத்திர ஆவணம் ஆகிய எழுத்து வேலைகளையெல்லாம் முந்திய மாரிக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். மழையில் வீதி போட முடியாது. வரைபடம் வரையலாம், வெள்ளம் எந்த வழியால் ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மதகு எங்கே தேவை என்பதை மார்கழி வெள்ளம் காட்டுவதுபோல் எந்த அளவைக் கருவியும் காட்டாது. நிதி வந்த உடனேயே ஒப்பந்தம் கோரத் தயாராக இருந்தால், பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை ஏறத்தாழ ஏழு மாதக் கோடை கையில் இருக்கும்.

குள வேலையிலும் வாய்க்கால் வேலையிலும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. சிறுபோகம் செய்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வேலை செய்ய முடியாது. சிறுபோகம் செய்வதா, எத்தனை ஏக்கர் செய்வது என்பதைக் கமக்காரர்களும் உத்தியோகத்தர்களும் சேர்ந்து போகக் கூட்டத்தில்தான் தீர்மானிக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னர் முகாமையாளர் வந்து, “இந்த ஆண்டு வேலை இருக்கிறது, சிறுபோகத்தை விட்டுத்தர முடியுமா, விட்டுத்தந்தால் இவ்வளவு மாதத்தில் முடித்துத் தருவேன்” என்று வெளிப்படையாகக் கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். விதைத்து முடிந்த பிறகு பெக்கோ இயந்திரத்துடன் வந்து நின்றால் சண்டைதான் வரும்.

வேலைகளுக்கு இடையிலான தொடர்பை எழுதிப் பார்க்காதது இன்னொரு பொதுப் பிழை. எது முடிந்தால் எது தொடங்கலாம், எது தாமதித்தால் முழு வேலையும் தாமதிக்கும் என்று வரிசைப்படுத்தும் முறையை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் இரசாயன ஆலைகளுக்கும் கடற்படைத் திட்டங்களுக்கும் வகுத்தார்கள். இன்று கணினி அதைச் சில நிமிடங்களில் வரைந்து தரும். ஆனால் கணினிக்கு நாம் கொடுக்காத வேலை அதற்குத் தெரியாது. மேசன் வேலை, தச்சு வேலை, பூச்சு வேலை என்று எல்லாவற்றையும் நாள் கணக்கில் எழுதுகிற எங்கள் ஆள்கள், மணலுக்கான அனுமதிப்பத்திரத்தையும், குளத்தின் ஒரு பகுதி தமது எல்லைக்குள் வருகிறது என்று வனவளத் திணைக்களம் கல் நாட்டியிருந்தால் அதற்கான இணக்கத்தையும் எழுதுவதில்லை. வன்னியில் ஒரு சிறு குளத்தைத் திருத்துவதற்கு எடுக்கும் காலத்தைவிட, அந்தக் குளத்தில் கைவைக்கலாம் என்ற கடிதம் வருவதற்கு எடுக்கும் காலம் நீண்டதாக இருக்கலாம். மீள்குடியேற்றக் காலத்தில் இந்த ஒழுங்கு எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற சான்றிதழ் கையில் வராமல் எவரும் ஒரு குழி தோண்டத் துணிந்ததில்லை. எல்லா அட்டவணையும் அந்தச் சான்றிதழிலிருந்தே தொடங்கும். அதே கவனம் மற்றைய அனுமதிகளுக்கும் வேண்டும். அதுபோல, கொங்கிறீற் தன் முழுப் பலத்தை அடைவதாகக் கணக்கிடும் 28 நாள்களை, பத்து மேசன்களை மேலதிகமாக இறக்கினாலும் குறைக்க முடியாது. பிந்திப்போன வேலைக்கு ஆளைக் கூட்டுவதால் சாந்து குழைக்கும் இடத்தில் நெரிசல் கூடுமே தவிர, சீமெந்து விரைவாக இறுகாது.

நாள் கணக்கையும் செலவுக் கணக்கையும் குறைத்துப் போடுவது மனித இயல்பு. டானியல் கானமன், ஆமோஸ் ட்வேர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள்: தன் முன்னால் இருக்கும் வேலையை மட்டும் பார்த்துக் கணக்கிடுபவர், அதுபோன்ற முன்னைய வேலைகள் எவ்வளவு இழுபட்டன என்பதை மறந்துவிடுகிறார். 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரில் 1963இல் முடிப்பதாகக் கணக்கிட்ட சிட்னி இசைநாடக மாளிகை, 1973இல், 10 கோடியே 20 இலட்சம் டொலரில்தான் முடிந்தது. எங்களுக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. உங்கள் அலுவலகத்தின் அலுமாரியில், இதே மாவட்டத்தில் இதே அளவான குளத்தில் முடிந்த கடைசி ஐந்து வேலைகளின் கோப்புகள் இருக்கும். அவற்றில் ஒப்பந்தத் திகதியையும் உண்மையில் முடிந்த திகதியையும் மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் புதிய அட்டவணையை நீங்களே திருத்துவீர்கள். விலையும் அப்படித்தான். 2021இல் ஆயிரம் ரூபாயளவில் வாங்கிய சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டதைக் கண்ட பிறகும், எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கும் தொகையை “தேவையற்றது” என்று வெட்டிவிட்டு மதிப்பீட்டை அழகாக்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொகை வெட்டப்பட்டால், விலை ஏறும் நாளில் வெட்டப்படுவது கம்பியின் தடிப்போ கிரவலின் கனமோதான்.

வேலையின் அளவு நடுவில் கூடுவதையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வீதி வேலையைப் பார்க்க வரும் ஒரு பிரமுகர், ஊரார் கேட்டார்கள் என்று, இன்னும் அரைக் கிலோமீற்றர் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போவார். பணம் கூடாது. முகாமையாளர் மறுத்துச் சொல்லத் தயங்குவார். ஆறு அங்குலம் இறுக வேண்டிய கிரவல் நான்கு அங்குலமாகும், இரண்டு மாரிக்குள் முழு வீதியும் போய்விடும். ஊராருக்கு அந்த அரைக் கிலோமீற்றர் உண்மையில் தேவையாக இருக்கலாம். அப்படியானால் அதற்குரிய தொகையையும் நாளையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்; கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் முதலாவதாகச் சேர்க்கிறேன் என்று ஊரார் முன்னிலையில் சொல்ல வேண்டும். மறுப்புச் சொல்லும் முகாமையாளரை ஊர் வெறுக்காது என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். இதே பிழையை வீட்டுத்திட்டத்தில் எங்கள் மக்களும் செய்தார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய், வேலை முன்னேற முன்னேறப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. வீட்டுக்காரரே தன் வீட்டின் முகாமையாளர் என்ற அந்த ஏற்பாட்டை நான் இன்றும் பாராட்டுகிறேன். ஆனால் மகளுக்கு நாளைக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய வீடு என்று எண்ணி, அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டவர்கள், கூரை மட்டத்தில் பணம் முடிந்து, நகையை அடகு வைத்து, நுண்கடனில் விழுந்தார்கள். அத்திவாரத்துக்குக் கயிறு கட்டிய அன்று, அந்தக் கயிற்றின் அருகில் நின்று கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஓர் உத்தியோகத்தர் இருந்த ஊர்களில் அந்தக் கடன் குறைவாக இருந்தது.

இனி, அறிக்கை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் பௌதிக முன்னேற்றம், நிதி முன்னேற்றம் என்று இரண்டு வீதங்கள் வாசிக்கப்படுவதை எல்லாரும் அறிவர். எண்பது வீதம் செலவாகிவிட்டது என்றால் எண்பது வீத வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் மிக ஆபத்தானது. முற்பணம் வாங்கி, கம்பியும் சீமெந்தும் இறக்கி அடுக்கிய உடனேயே நிதி முன்னேற்றம் ஏறிவிடும். நிலத்தில் ஒரு கல்லும் ஏறியிருக்காது. தொண்ணூறு வீதம் என்று மூன்று மாதம் தொடர்ந்து எழுதப்படும் வேலை எங்கோ நின்றுபோன வேலை. முகாமையாளர் வீதத்தைக் கேட்கக்கூடாது. “வாசற்கதவு போட்டாயிற்றா? வான் கட்டுக்குக் கடைசிக் கொங்கிறீற் எந்த நாளில் போட்டீர்கள்? யார் பார்த்தார்கள்?” என்று, திட்டவட்டமான விடை வரக்கூடியதாகக் கேட்க வேண்டும்.

கீழே இருப்பவர்கள் கெட்ட செய்தியை மறைப்பது பெரும்பாலும் மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான். தாமதம் என்று சொன்னவரைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் ஏசிய முகாமையாளருக்கு, அதற்குப் பிறகு எந்தத் தாமதமும் அறிவிக்கப்படாது. அவர் அதை ஒரேயடியாக டிசெம்பரில் அறிவார். என் கீழ் வேலை செய்த ஒரு பெண் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஒரு கிணற்று வேலையில் வளையத்தின் கனம் குறைவாக இருக்கிறது என்று முதல் வாரமே வந்து சொன்னார். ஏழு கிணறுகளில் இரண்டுக்கு மட்டும் அப்போது வளையம் இறக்கியிருந்தார்கள். உடைத்துத் திருப்பிப் போட்டோம். அவர் பயந்து, பேசாமல் இருந்திருந்தால் ஏழையும் உடைக்க வேண்டி வந்திருக்கும், அல்லது உடைக்காமல் மூடி மறைத்திருப்போம். அவருக்கு அன்று நான் நன்றி சொன்னதை, நான் சரியாகச் செய்த வேலைகளில் ஒன்றாக இன்றும் நினைக்கிறேன்.

கையளிப்பு விழாவோடு கோப்பை மூடிவிடுவதுதான் இந்த வரிசையில் கடைசியாக வரும் பிழை, ஊராருக்கு மிக நீண்ட காலம் வலி தருவதும் அதுதான். பொதுக் கிணற்றுக்கு மின்மோட்டர் வைத்துக் கொடுப்பார்கள். மின்கட்டணத்தை யார் கட்டுவது, மோட்டர் எரிந்தால் சுற்றிக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வருவது என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். துருசுக் கதவின் திறப்பு யாரிடம் இருக்கும், ஆண்டுக்கு ஒரு தடவை அதற்குக் கிறீஸ் பூசுவது யார், கட்டில் முளைக்கும் மரக்கன்றுகளைப் பிடுங்குவது யார் என்பவற்றை, வேலை தொடங்கும் கூட்டத்திலேயே ஊராரோடு எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரரிடமிருந்து குறைபாடுகளுக்காகப் பிடித்து வைக்கும் பணத்தை விடுவிக்கும் நாளும் முக்கியமானது. வன்னியில் மண்ணால் செய்த எந்த வேலையையும் சோதிப்பது மாரிதான். ஆகவே ஒரு முழு மாரி கழிந்து, தை, மாசியில் முகாமையாளரும் ஊராரும் சேர்ந்து கட்டின் மேலால் நடந்து பார்த்த பிறகே அந்தப் பணம் விடுவிக்கப்பட வேண்டும். மழைக்கு முன்னரே விடுவித்துவிட்டால், வான் அருகில் மண் அரித்துப் போகும்போது ஒப்பந்தக்காரரின் தொலைபேசி வேலை செய்யாது.

மேலே எழுதியவற்றுக்கு மேலதிக நிதி பெரிதாகத் தேவையில்லை. முகாமையாளருக்கு நாள்கள் வேண்டும், வாகனத்துக்கு எரிபொருள் வேண்டும், கூட்டத்துக்குப் போவதைப்போலக் களத்துக்குப் போவதும் வேலைதான் என்று மேலதிகாரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். மாவட்டச் செயலகங்களில் ஒரே நாளில் மூன்று மீளாய்வுக் கூட்டங்களுக்கு அழைக்கப்படும் ஓர் உத்தியோகத்தரிடம், நீ ஏன் குளக்கட்டுக்குப் போகவில்லை என்று கேட்பதற்கு எனக்கு வாய் வராது. அந்தக் கூட்டங்களில் ஒன்றையாவது வேலைத்தளத்தில் நடத்தும்படி, உங்கள் பத்திரிகையின் வாயிலாக மாவட்டச் செயலாளர்களை வேண்டுகிறேன்.

எங்கள் குளத்தின் துருசைத் திருத்துவதற்கான கோரிக்கையைக் கமக்கார அமைப்பினூடாகக் கமநல சேவை நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறோம். அளவெடுக்க வருபவர்கள் வண்டலைத் தோண்டிவிட்டு அளவெடுக்க வேண்டும். பழைய துருசின் வாசற்கல் இப்போதும் வானுக்கு அருகில், நாயுண்ணிப் பற்றைக்குள் கிடக்கிறது. பூவரசந்தடியுடன் வந்த அந்த முதியவருக்கு இப்போது கண் பார்வை சற்று மங்கிவிட்டது. ஆனாலும் அந்தக் கல் இருந்த இடத்தைக் காட்ட அவர் வருவார். புரட்டாதி முடிவதற்குள் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திட்ட இணைப்பாளர்,
கிளிநொச்சி மாவட்டம்.